உள்ளே ஏழு

மயூர் விஹாரில், மொட்டை மாடியில்,
ஐந்து பிளாஸ்டிக் குழாய்களை வளைத்து நட்டேன்:
பெரிய மீன் ஒன்றின் விலா எலும்புகள்.
மேலே பாலிதீன். ஓரத்துக்குச் செங்கல்.
உள்ளே கத்தரி நாற்று முப்பத்தாறு,
டிசம்பரிலேயே மொட்டையாகிவிட்ட கறிவேப்பிலை,
பகலெல்லாம் வெயில் குடித்த
கறுப்புச் சாயமடித்த தண்ணீர் பாட்டில்கள்.
கீழ்வீட்டு குலாட்டி ஏறி வந்து பார்த்தார்.
"செடிக்கு ரஜாயா?" என்றார்.
சிரிக்கவில்லை; அவருக்கும் குளிர்.

இரவு இரண்டேகாலுக்குக் கரண்ட் போயிற்று.
அறுபது வாட் பல்பு அணைந்தது
தூக்கத்தில் எனக்குக் கேட்டது.
இட்லிப் பானையில் வெந்நீர் போட்டு,
இடுப்பு வலிக்கென்று வாங்கிய ரப்பர் பையில் ஊற்றி
மாடியேறினேன்.
டார்ச் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளாமல்
திருப்பித் தந்தது மூடுபனி.

குனிந்து நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி வெளுத்தது.
தடவிக்கொண்டு பையை வைக்கப்போன இடத்தில்
ஏற்கெனவே ஒரு சூடு.
கையை இழுத்துக்கொண்டேன்.
ரோமம்; அப்புறம் ஒரு முனகல்.
யார் வீட்டுப் பூனையோ,
நாலு நாற்றுகளைப் படுக்கையாக்கிச்
சுருண்டிருந்தது.
விரட்டத்தான் கையோங்கினேன்.
ஆனால் பாலிதீனை மறுபடி தூக்கினால்
உள்ளிருக்கும் கொஞ்சமும் போய்விடும்.
பையை அதன் முதுகோரம் வைத்துவிட்டு
நானும் சற்றுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
மூன்று பேர் மூச்சு விட்டோம்,
கத்தரியைச் சேர்த்தால்.

காலையில் வெளியே மூன்று டிகிரி, உள்ளே ஏழு.
நோட்டில் குறித்தேன்.
பாட்டிலால் எவ்வளவு, பையால் எவ்வளவு,
பூனையால் எவ்வளவு
என்று பிரிக்கத் தெரியவில்லை.
நாற்று முப்பத்திரண்டு.
கறிவேப்பிலைத் தண்டை நகத்தால் சுரண்டினேன்.
உள்ளே,
சந்தேகப்படும்படியான ஒரு பச்சை.