இருநூறு சொற்களுக்குள்

ரூசே நகரில், சலவைக்கடைக்கு மேல்மாடி.
மூன்று மேசை, இரண்டு சம்பளம்.
மானியப் படிவத்தோடு ராலிட்சா.

'உங்கள் திட்டத்தில் புதுமை என்ன?
இருநூறு சொற்களுக்குள் எழுதவும்.'

வார்டு வார்டாக ஏறி
ஆஸ்பத்திரிக் கட்டில்களை எண்ணுவோம்
என்று எழுதினாள்.
அழித்தாள். எண்ணுவது பழசு.
'ஊடாடும் வரைபடம்' என்று போட்டாள்.
பிரஸ்ஸல்ஸுக்கு அது பிடித்துவிட்டது.

பணம் வந்த மார்ச்சில்
தொட்டால் சிவக்கும் புள்ளிகளோடு
வரைபடம் எழுந்தது.
நாற்பதாவது புள்ளி மட்டும் உறுத்தியது.
அரசு ஏட்டில் அங்கே பன்னிரண்டு கட்டில்.
தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை.

பேருந்தில் ஐந்து மணி நேரம், பனி.
பூட்டிய வார்டு.
ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தாள்:
உருளைக்கிழங்கு மூட்டைகள்.
எண்ணினாள்.

பேருந்துச் சீட்டை
எந்தச் செலவுத் தலைப்பில் காட்டுவது என்று
கேட்டுக்கொண்டிருக்கிறான் ஸ்தோயான்.