வயது பூஜ்ஜியம்

முன்பணம் கட்டிய ஜூலையில்
நாங்கள் இருவராகத்தான் இருந்தோம்.
அல்லது அப்படி நம்பினோம்.
ஆறாம் தளம், இரண்டு கட்டில், ஒற்றைச் சன்னல்,
அதிகபட்சம் இருவர்.
பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் என்று
நவநீதன் நிரப்பிக்கொண்டிருந்தபோதே
துவரம்பருப்பளவில் ஒருத்தி
டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்டிருந்தாள்.

மே மாத மழையில் அவளை மார்போடு கட்டிக்கொண்டு
கிங்ஸ்வேயில், நகம் திருத்தும் கடைக்குப் பக்கத்திலிருந்த
டோரீனின் பயண அலுவலகத்துக்குப் போனேன்.
"இன்னொரு பெயர் சேர்க்கணும்" என்றேன்,
மளிகைப் பட்டியலில் உப்பைச் சேர்ப்பதுபோல.

டோரீன் திரையைப் பார்த்தாள்.
என் மார்பைப் பார்த்தாள்.
மறுபடி திரை.
"இடமில்லையே."

ஐந்து கிலோ இருநூறு கிராம், என்றேன்.
எங்கள் பெட்டி இதைவிடக் கனம்.
கட்டில் கேட்கவில்லை, நடுவில் கிடப்பாள்.
தட்டு கேட்கவில்லை,
இவள் சாப்பாட்டை நான்தானே சுமந்து வருகிறேன்.
ஸ்கைட்ரெயினில் இவளுக்குச் சீட்டு கிடையாது.
விமானத்திலேயே மடி போதும் என்கிறார்கள்.

டோரீன் பென்சிலை எடுத்து
ஒரு ரசீதின் பின்புறம் படகு வரைந்தாள்.
சுமாரான படகு. வாழைப்பூ மடல் மாதிரி.
உள்ளே குறுக்கே பலகைகள்,
பலகைகளில் சின்னச் சின்னக் கோடுகள்.
"கட்டிலை எண்ணவில்லை, இதை எண்ணுகிறார்கள்.
கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஓர் ஆள்.
அறுபது வயதானாலும் ஆள், ஆறு மாதமானாலும் ஆள்.
மடி கணக்கில் வராது."

மூவர் கேபின் இருந்தது.
கூரையிலிருந்து இறங்கும் மடக்குக் கட்டில்கூட இருந்தது.
அந்தப் பக்கத்துப் படகுதான் நிரம்பிவிட்டது.
காத்திருப்போர் வரிசையில்
'பயணி மூன்று: நறுமுகை நவநீதன், வயது 0'
என்று தட்டினாள்.
பூஜ்ஜியம் வயது; எண்ணிக்கையில் ஒன்று.
துறைமுக வரி முழுசு.
பணியாளர்களுக்கு அன்றாட டிப்ஸும் முழுசு,
அவள் தலையணையை யாரும் தட்டிப் போடாவிட்டாலும்.

"பேசாம பையில போட்டுத் தூக்கிட்டுப் போயிடலாமா"
என்றான் நவநீதன் அன்று ராத்திரி.
வழக்கமாகச் சிரித்திருப்பேன்.
அந்த ரசீது குளிர்பெட்டிக் கதவில்
காந்தத்துக்கடியில் இருந்தது.
பால் எடுக்கப் போகும்போதெல்லாம்
கோடுகளை எண்ணினேன்.
டோரீன் பதினொன்றுதான் போட்டிருந்தாள்.

ஆகஸ்டில் தொலைபேசி.
வின்னிபெக்கில் நால்வர் குடும்பமாம்,
மூவர்தான் வருகிறார்களாம்.
ஏன் என்று டோரீன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
கால் முறிந்திருக்கலாம்.
லீவு கிடைக்காமல் போயிருக்கலாம்.
"எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டு
போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்,
முகம் தெரியாத ஒருவர் எழுந்துபோன பலகை
இன்னும் சூடாக இருப்பதுபோல.

செப்டம்பரில் துறைமுகத்துக் கூடாரக் கூரைகளுக்குக் கீழே
ஒரு பணிப்பெண் அவளுக்கு வளையம் மாட்டினாள்.
மணிக்கட்டில் நழுவியது. கணுக்காலில் இரண்டு சுற்று.
பிறந்த அன்றும் கணுக்காலில்தான் கட்டினார்கள்.
அதில் என் பெயரைப் போட்டு, 'பெண் குழந்தை' என்றிருந்தது.
இதில் பெயரே இல்லை.
படகு 9.

புதிய கேபினில் கடல் தெரியவில்லை.
சன்னலை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு
ஆரஞ்சு நிறத்தில் தொங்கியது அதே ஒன்பதாம் படகு.
"கொடுத்த காசுக்கு இதுதான் காட்சியா"
என்று புகார் சொல்லக் கிளம்பினான் நவநீதன்.
உட்கார், என்றேன்.

லயன்ஸ் கேட் பாலத்தைக் கடந்தபோது
மேலே எல்லோரும் கையசைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.
நான் படகின் விலாவில் எழுதியிருந்ததைப் படித்தேன்:
150 பேர்.
அந்த நூற்றைம்பதில் ஒருத்தி
வாயோரம் பால் வழிய
தூங்கிப்போயிருந்தாள்,
கணக்கில் வராத என் மடியில்.