நாற்பது ஐந்நூற்று எண்பது

கொரடாச்சேரிக்குத் தெற்கே
நெல் கொள்முதல் நிலையத்தில்
மூன்று மணி பத்துக்கு
தராசின் சிவப்பு எண் நடுங்கியது.

நாற்பது ஐந்நூற்று எண்பதில் நிற்கவேண்டிய மூட்டை
நாற்பத்தொன்று என்றது,
முப்பத்தொன்பது என்றது,
பிறகு ஒன்றும் அறியாததுபோல்
பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது.

"காலை எடுய்யா" என்றாள் தையல்நாயகி.
மாசிலாமணி இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தான்.
பதினோரு நாள் தார்ப்பாய் போர்த்திக்
காவல் கிடந்த நெல் அவளுடையது.
பேச்சு தடித்தது.
மூட்டைக்குக் கேட்ட காசு, போன வருஷம் கேட்ட காசு,
பட்டியல் எழுதும் என் பேனா,
எல்லாம் சந்திக்கு வந்தன.
அடுக்கின் மேல்வரிசையில் ஒரு மூட்டை
தானாய்ச் சரிந்து விழுந்ததற்கும்
மாசிலாமணிதான் ஏச்சு வாங்கினான்.

நாலு மணிக்கு லாரியோடு வந்த கமாலுதீன்
போனை நீட்டினான்.
நிலநடுக்கமாம். லேசானதாம்.
கடலுக்கடியில் எங்கேயோ.

எண்ணெய்க் கம்பெனிக்காரன் வயலில் துளைபோட்டு
வெடி வைத்தபோது
இதைவிட ஆடிச்சு, என்றார் ஒருவர்.
கடல் என்ற சொல்லைக் கேட்டதும்
வேதாரண்யத்தில் பெண்ணைக் கொடுத்திருந்த அம்பலவாணன்
சாக்குகளுக்குப் பின்னால் போய் நின்றார்.
நாலு தடவை அடித்தும் எடுக்கவில்லை.
ஐந்தாவதில்,
"தூங்கிட்டிருந்தேம்பா."
"சரி, தூங்கு" என்று வைத்தவர்
அந்த இடத்தைவிட்டு வர வெகுநேரம் ஆயிற்று.

இருட்டுவதற்குள் எல்லோருக்கும் ஆடியிருந்தது.
சலூனில் கண்ணாடி.
மில்லில் மாவு.
பேருந்தில் வந்தவருக்கும் ஆடியதாம்,
அந்த ரோட்டில் என்றைக்கு ஆடவில்லை?
உணராதவர்கள்
கல்யாணத்துக்கு அழைக்கப்படாதவர்கள்போல்
முகத்தை வைத்துக்கொண்டார்கள்.
"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள் தையல்நாயகி மட்டும்,
"எடைதான் ஆடிச்சு."

சித்திரையில் இந்த மண் தானே பிளக்கும்,
முழங்கை வரை உள்ளே போகும்.
அதற்காக யாரும் யாருக்கும் போன் செய்ததில்லை.
இருந்தும் அன்றிரவு
தலைமாட்டில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து
விளக்கை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு கொசு வந்து உட்கார்ந்தது.
அவ்வளவுதான்.

காலையில் அவள் வந்து நின்றாள்.
"அந்த மூட்டையை இன்னொருக்கா போடு."
எது அந்த மூட்டை என்று யாருக்குத் தெரியும்?
ஏதோ ஒன்றை இழுத்துப் போட்டான் மாசிலாமணி.
நாற்பது ஐந்நூற்று எண்பதாகத்தான் இருந்திருக்கும்.
எண்ணை யாரும் பார்க்கவில்லை.
மூன்று பேரும் குனிந்து
தராசின் நான்கு கால்களையும்
அவை நிற்கும் தரையையும்
பார்த்துக்கொண்டிருந்தோம்.