ல்லிங்-3

ரிச்சி தெருவில் இரண்டாயிரத்து நானூறுக்கு
இத்ரீஸ் சணல் போட்டுக் கட்டிக்கொடுத்த மானிட்டர்
மூடிப்போன ஏதோ துணிக்கடைக் கல்லாவிலிருந்து
வந்திருக்க வேண்டும்.
சட்டத்தின் ஓரத்தில் 'பில்லிங்-3' என்றொரு ஸ்டிக்கர்.
நகத்தால் சுரண்டினேன்.
'பி' மட்டும் போனது.

இருபதாம் தேதி, பெரம்பூர், இரவு ஒன்பதேகால்.
பன்னிரண்டுக்குள் பதினோரு கம்பெனிக்கு
ஜிஎஸ்டி கட்டிக் கணக்கு காட்ட வேண்டும்.
மடிக்கணினியின் பதினான்கு அங்குலத்தில்
கொள்முதல் ஒரு பாதி விற்பனை ஒரு பாதி வைத்தால்
ரெண்டுமே எறும்பு.
அதற்குத்தான் இது.

கேபிளைச் செருகினேன்.
கறுப்பில் ஒரு நீலப் பெட்டி மிதந்து வந்தது:
நோ சிக்னல்.
மூலைக்கு மூலை முட்டிவிட்டு
எனக்கு முன்னால் தூங்கிப்போனது.

பிடுங்கிச் செருகினேன்.
ஊதிச் செருகினேன்.
தலைமாற்றிச் செருகினேன், கேபிளுக்குத்
தலையும் வாலும் ஒன்றுதான் என்று தெரிந்தும்.
டிவியின் கேபிளைக் கழற்றி வந்தேன்.
கடைசி ஓவரில் படம் போனதற்கு
மகன் போட்ட கூச்சல்
மாடிவீடு வரை கேட்டிருக்கும்.
அந்தக் கேபிளிலும் அதே நீலப் பெட்டி.

மடிக்கணினி சொல்கிறது: பக்கத்தில் இன்னொரு திரை இருக்கிறது.
திரை சொல்கிறது: இங்கே யாருமே வரவில்லை.
நகல் எடு என்றேன். நீட்டு என்றேன்.
'இரண்டாவதில் மட்டும்' என்று அமுக்கியதில்
கையிலிருந்த ஒன்றும் இருண்டது.

நைட் ஷிப்டிலிருந்து டோமினிக்:
"அணைச்சுப் போடு."
போட்டாச்சு.
"அப்ப வயரை ஆட்டிப் பாரு."
ஆட்டினேன்.
மேசைதான் ஆடியது.

பத்து நாற்பதுக்கு இத்ரீஸ் போனை எடுத்தான்,
வாய் நிறைய சோறு.
"அக்கா, கீழ்ப்பக்கம் தடவுங்க, அஞ்சு பட்டன் இருக்கும்.
ரெண்டாவதை அமுக்குங்க.
அது இன்னும் விஜிஏலயே நிக்குது.
எச்டிஎம்ஐக்கு மாத்துங்க."

அவ்வளவுதான்.
நான் முன்வாசலில் மணியடித்துக்கொண்டிருக்க
அது பின்வாசலில் நாற்காலி போட்டு
கல்லாக் கணினி வருமென்று
கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்கிறது.
எத்தனை மாதமோ.

வெளிச்சம் வந்தது.
வலதில் இருக்கும் திரையை
இடதில் இருப்பதாக நினைத்துக்கொண்டது விண்டோஸ்.
அதையும் பிடித்து இழுத்து இந்தப்பக்கம் உட்காரவைத்தேன்.
பிறகு எண்கள் எண்களாகத் தெரிந்தன.
ஏழு, எட்டு, ஒன்பது,
பத்தாவது கம்பெனியில் முப்பது ரூபாய் உதைத்தது,
அதுவும் கிடைத்தது.

பதினொன்று நாற்பத்தாறு.
தெருமுனை டிரான்ஸ்பார்மரில் 'டப்'.

மின்விசிறி, மோடம், மானிட்டர்.
பேட்டரியில் மடிக்கணினி மட்டும் விழித்திருந்தது,
மகாபலிபுரத்தில் எடுத்த குடும்பப் படத்தோடு.
பதினோராவது கம்பெனியும்
அதன் 'சமர்ப்பி' பொத்தானும்
செத்த திரைக்குள்.
மவுஸை வலது ஓரம் தாண்டி அனுப்பினேன்.
போனது.
இருட்டில் எங்கே நிற்கிறதென்று தெரியவில்லை.

ஒன்றரை மணி நேரம் தவமிருந்து சேர்த்த கேபிளை
ஒரே இழுப்பில் பிடுங்கினேன்.
ஷட்டர் இறங்கும்போது குனிந்து உள்ளே ஓடிவரும்
கடைப்பையன்கள் போல
ஜன்னல்கள் எல்லாம் மடிக்கணினிக்கு வந்துவிட்டன,
ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து.
போனில் ஹாட்ஸ்பாட்.
ஆறு இலக்க ஓடிபி, முதல் தடவை தப்பாக அடித்தேன்.
பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு
பட்டாளம் வாசமலர் ஸ்டீல்ஸ் ஏற்கப்பட்டது.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்திருக்கிறது.
தண்ணீர் குடிக்க எழுந்தபோது
ல்லிங்-3 தானாகவே விழித்து
அந்த நீலப் பெட்டியை மிதக்கவிட்டிருந்தது.
நோ சிக்னல்.

கேபிள் தரையில் கிடந்தது.
இந்த முறை அது சொன்னது சரி.