பதினான்கு இலக்கம்

பகாவ் பட்டணம், டயர்க் கடைக்கு மேல்மாடி.
மாலை நான்கு மணிக்கு எங்களுக்கு விடியும்.
கீழே செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்
ஆலைக்குத் திரும்பும் நேரத்தில்தான்
பிரான்சில் கடைக்காரர்கள் கணினியைத் திறந்து
இன்று யார் வரவில்லை என்று பார்ப்பார்கள்.

நாலு ஆள், மூன்று ஆள் வைத்திருப்பவர்களே எங்கள் கிராக்கி.
ஒருவருக்குக் காய்ச்சல் என்றால்
அங்கே கடையே இருமும்.
வைத்தியர் தந்த சீட்டு, சம்பளச் சான்று,
முதல் மூன்று நாளுக்குக் காசில்லை என்று ஒரு கணக்கு.
மாவுக் கையோடு ஒரு ரொட்டிக்காரம்மா எனக்கு எழுதுவாள்:
குவெந்தால் மறுபடி வரவில்லை,
எந்தக் கட்டத்தில் கோடு போடுவது?
நான் போட்டேன். ஆறு வருஷம்.

முதலாளிக்குப் போகும் நகலில்
நோயின் பெயர் இருக்காது.
எனக்கு அந்த வெற்றிடம் பிடிக்கும்.
ஒருவனுடைய வயிற்றுப்போக்கு
அவனுக்கும் வைத்தியருக்கும் மட்டும் சொந்தம் என்று
ஒரு தேசமே ஒப்புக்கொண்டு
வெள்ளையாய் விட்ட இடம்.

போன மாசத்திலிருந்து இயந்திரம் போடுகிறது.
சீட்டைப் படம் பிடித்தால் போதும்,
பெயரைப் படிக்கும், தேதியை எண்ணும்,
ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்காமல் கழிக்கும்.
பதினொரு விநாடி.
கற்றுக்கொடுத்தது நானும் ஹஸ்லினாவும்.
அவர்கள் ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு போடுவார்கள்;
அவர்களுடைய ஒன்று நம் ஏழு மாதிரி இருக்கும்.
நாலாயிரம் சீட்டு காட்டிய பிறகு
அதற்குப் புரிந்தது.
வோங் கேக் வாங்கி வந்தார், பன்னிரண்டு பேருக்கு.
இனி நாலு பேர் போதும் என்பது
கேக்குக்கு முன்பே முடிவாகியிருந்தது.

ரொட்டிக்காரம்மா இப்போது எழுதுவதில்லை.

செவ்வாய்க்கிழமை பரஞ்சோதிக்குப் பாதத்தில் செம்பனை முள்.
பாதி உள்ளேயே முறிந்துவிட்டது.
புதன் காலை சப்பாத்துக்குள் கால் நுழையவில்லை.
கிளினிக்கில் இரண்டு நாள் எம்.சி. கொடுத்தார்கள்.
வாட்சாப்பில் அனுப்பினான்.
குத்தகைக்காரர் கட்டைவிரலைக் காட்டினார்.
அந்தக் கட்டைவிரலுக்குச் சம்பளம் உண்டா என்று
இவன் கேட்கவில்லை.
குலைக்கு இவ்வளவு என்று பேசிய வேலை.
அறுக்காத குலையை யார் எண்ணுவார்?

அன்று இரவு, ஷிப்ட் முடியக் கால் மணி.
சோதனைப் பக்கத்தைத் திறந்து
அவனுடைய எம்.சி.யைக் காட்டினேன்.
மலாயில் இருந்தது. அதனால் என்ன, படித்தது.
பெயர், ஓர் எழுத்துப் பிசகவில்லை.
ஏழுக்கு இடுப்புக் கோடு இல்லாததையும்
பொறுத்துக்கொண்டது.
நாள்: இரண்டு.
பிறகு முதலாளியின் பதினான்கு இலக்க எண்ணைக் கேட்டது.

யோசித்தேன்.
தோட்டம் ஒரு கம்பெனிக்கு.
கம்பெனி அறுப்பை ஒருத்தருக்கு விட்டது.
அவர் தன் மச்சானுக்கு விட்டார்.
மச்சானிடம் ஒரு லோரி இருக்கிறது,
ஒரு கட்டைவிரல் இருக்கிறது.
பதினான்கு பூஜ்யம் அடித்தேன்.

பதினொரு விநாடிகூட ஆகவில்லை.
முதலாளி கண்டறியப்படவில்லை என்றது,
பிரெஞ்சில், மரியாதையாக.
வருத்தமும் தெரிவித்தது.

அழிக்கப் போனால் காரணம் கேட்டது.
கட்டத்தை வெறுமையாய் விட்டேன்.
ஒப்புக்கொள்ளவில்லை.
நாங்கள்தான் அப்படிச் செய்து வைத்தோம்,
வெறும் கட்டத்தை விடாதே என்று.
முள் என்று அடித்தேன், தமிழில்.
விட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை.
அவன் தூங்கவில்லை.
கைப்பேசி விளக்கைத் தோளில் இடுக்கிக்கொண்டு
என் தையல் ஊசியால் பாதத்தைத் துழாவிக்கொண்டிருந்தான்.
கொடு, நான் பார்க்கிறேன் என்றேன்.
ஆறு மணிக்கு லோரி என்றான்,
ஊசியைக் கொடுக்காமல்.