இரண்டு சிவப்புக் குப்பிகள்

பெரிய வித்தை ஒன்றும் இல்லை.
புளிப்புச் செர்ரி,
பாதி கொட்டை நீக்கி, பாதி நீக்காமல்
(கொட்டை விடும் அந்தச் சன்னமான கசப்பு
எனக்கு வேண்டும்),
மூழ்கும்வரை பாலின்கா,
ஜன்னல் விளிம்பில் நாற்பது வெயில்.
பழம் வெளுக்கும். சாராயம் சிவக்கும்.
எது எதைக் குடித்தது என்று
பிறகு பிரித்துச் சொல்ல முடியாது.

மிஞ்சிய பழத்தைச் சர்க்கரையில் காய்ச்சி
பாகு ஒரு குப்பி.
அதே நிறம். அதே பழைய ஒயின் குப்பி.
பென்சிலால் எழுதி ஒட்டியிருந்தேன்.
ஐஸ் வாளிக்குள் வைத்ததும்
இரண்டு சீட்டும் கழன்று மிதந்தன,
எழுத்து கலைந்து.

பாலட்டன் ஏரியில் அன்று அலையே இல்லை.
படகுத்துறைப் பலகையில்
வெறுங்கால் வைக்க முடியவில்லை.
ஏழு மணிக்கு வந்தார்கள்.
ஒரு குப்பியைத் திறந்தேன்.
ஒரு பங்கு சிவப்பு, பாதி எலுமிச்சை,
கசக்கிய புதினா, ஐஸ்,
மேலே மூன்று பங்கு சோடா.
சைஃபனை அழுத்தியவன் ஷோம்போர்.
அந்த உரிமையை அவன்
யாருக்கும் விட்டுத் தருவதில்லை.

"இந்த வருஷம் இனிப்பு தூக்கல், இல்கா"
என்றாள் எமெக்கே.
"இனிப்பாக இறங்குவதுதான் ஆளைக் கவிழ்க்கும்"
என்றார் டெஷே, ரொம்பத் தெரிந்தவர்போல்.
கவிழ்வதற்குத் தயாரானோம்.

இரண்டாவது சுற்றில்
எமெக்கேயின் கன்னம் சிவந்துவிட்டது.
பதினோரு கோடையாக என் வீட்டில் தங்குகிறவள்
நாற்காலிமேல் ஏறி அறிவித்தாள்:
"எனக்கு இந்த ஏரியே பிடிக்காது!
நாணல் நாறுகிறது!"
சிரித்துச் சிரித்து
பிரோஷ்காவுக்கு விக்கல் எடுத்தது.

மூன்றாவதில் டெஷேயின் நாக்கு குழறியது.
"படகுப் பட்டறையில் என்னை நிறுத்திவிட்டார்கள்"
என்றார் கோப்பையைப் பார்த்து.
"எப்போது?"
"மார்ச்சில்."
தினமும் ஆறு மணிக்குப் பை தூக்கிக்கொண்டு
கிளம்புகிற மனிதர்.
பிரோஷ்கா விக்கலுக்கு நடுவே சொன்னாள்:
"தெரியும்.
ரொட்டியைப் பிய்க்காமலே திருப்பிக் கொண்டுவருகிறாய்.
பட்டறையில் உனக்கு எப்போதும் பசிக்கும்."
கொஞ்ச நேரம் ஐஸ் மட்டும் பேசியது.
அவள் அவர் கோப்பையை வாங்கி
மீதியைத் தான் குடித்தாள்.

எனக்கும் ஏறியிருந்தது.
சத்தியமாக ஏறியிருந்தது.
விளக்குக் கம்பம் இரண்டாகத் தெரிந்தது.
கிராட்ஸில் வேலை கிடைத்து
திங்கட்கிழமை ரயில் ஏறவிருந்த ஷோம்போரிடம்
பாத்திரம் எடுத்துவைக்கும் சாக்கில் போய்
"போகாதே" என்றேன்.
ஒரே சொல்.
சைஃபனில் காற்று தீர்ந்து
புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது,
அவனிடமிருந்து பதில் வருவதற்குப் பதிலாக.

காலையில் வாளியைக் கவிழ்த்தேன்.
காலிக் குப்பி ஒன்று.
திறக்காத குப்பி ஒன்று.
மிச்சத்தை ருசி பார்ப்போமே என்று
திறந்து ஒரு மிடறு விழுங்கினேன்.

தொண்டை எரிந்தது.

புல்லில் அப்படியே உட்கார்ந்தேன்.
எமெக்கேயின் நாணல்,
டெஷேயின் மார்ச் மாதம்,
என் ஒரே சொல்,
ஒன்றைக்கூடக் குடிமேல் தள்ளிவிட முடியாது இனி.
இரவு முழுக்க நாங்கள் குடித்தது
பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற
சர்பத்.

ஒன்பது மணிக்கு வேலியைத் தாண்டி வந்தான்,
நெற்றியைப் பிடித்தபடி.
"நேற்று ஓவராகப் போய்விட்டது.
தலை வெடிக்கிறது.
என்ன பேசினேன், என்ன கேட்டேன்,
ஒன்றும் ஞாபகமில்லை."
"எனக்கும்" என்றேன்.

கழுவிவைக்க என்று கோப்பைகளை எடுத்தவன்
ஒன்றின் அடியில் ஒட்டியிருந்த சிவப்பை
விரலால் வழித்து
நாக்கில் வைத்தான்.
அந்தப் பாகை என்னோடு சேர்ந்து
அடுப்படியில் கிளறியவனே அவன்தான்.

நிறைய நேரம் குழாய் திறந்தே கிடந்தது.

பிறகு, திரும்பாமலே,
"இன்றைக்கு ராத்திரி
அந்த இன்னொரு குப்பியைத் திறப்போமா?
சோடா நான் கொண்டுவருகிறேன்" என்றான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை.