மெத்தை

எங்கள் தெருவுக்கு இரண்டு மாநிலம்.
கிழக்குச் சாரி பாண்டி, மேற்குச் சாரி கடலூர் மாவட்டம்.
நடுவில் ஓடுகிற சாக்கடை யாருடையது என்று கேட்டால்
இரண்டு ஆபீஸிலும்
பக்கத்து ஜன்னலைக் காட்டுவார்கள்.

எங்கள் பக்கம் அஞ்சலாட்சி வருவாள்.
பேட்டரி வண்டி, பச்சைக் கோட்டு, கழுத்தில் விசில்.
மக்குவது பச்சை வாளி, மக்காதது நீலம்.
முட்டை ஓட்டை எதில் போட்டேன் என்று
மூடியைத் திறந்து பார்ப்பாள்.

எதிர்ச்சாரிக்குக் கொம்யூன் அனுப்பும் டிப்பர்;
வாரம் இருமுறை, வந்தால்.
மீன்தலையும் நாப்கினும் ஒரே வாய்க்குள் போகும்.
மரிசூசை எதையும் திறந்து பார்ப்பதில்லை.
எதிர்வீட்டு ஜெயக்கொடியைப் பார்த்துப்
பொறாமைப்பட்டிருக்கிறேன், பொய் சொல்வானேன்.

மாமனார் போன பதினேழாம் நாள்
அவர் படுத்த மெத்தையை வெளியே வைத்தோம்.
ஏழு மாத மூத்திரமும் தைலமும்
இலவம்பஞ்சில் இறுகிக் கிடந்தன.
அஞ்சலாட்சி சுற்றி வந்து பார்த்தாள்.
"இது எந்த வாளியிலயும் வராதுக்கா."

அன்று ராத்திரி கரண்ட் போன நேரம்
நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு முனை பிடித்து
பாண்டிச்சேரியில் போட்டுவிட்டு வந்தோம்.
பதினாறு அடி.

விடிந்தபோது எங்கள் வாசலில் கிடந்தது.
யாரும் யாரையும் கேட்கவில்லை.
மறுநாள் அங்கே. அடுத்த நாள் இங்கே.
கால் விழும்வரை தினம் சாயங்காலம்
குவார்ட்டருக்கு அந்தப் பக்கம் போய்
எப்படியோ இந்தப் பக்கம் வந்து சேர்ந்த மனுஷன்.
படுக்கைக்கும் வழி தெரிந்திருந்தது.

ஐந்தாம் நாள் மழை.
மெத்தை சரிந்து சாக்கடையை அடைத்தது.
கறுத்த தண்ணீர் எழும்பி
முதலில் ஜெயக்கொடியின் கோலத்தை,
அப்புறம் எங்கள் கேட்டை.

அஞ்சலாட்சிதான் முதலில் இறங்கினாள்.
ஒரு ஜோடி உறை, அவளுக்கு மட்டும் தந்தது.
இடது கையைக் கழற்றி மரிசூசையிடம் நீட்டினாள்.
"எங்க கணக்குல எழுதிடாத" என்றான்,
போட்டுக்கொண்டே.
நானும் ஜெயக்கொடியும் அவரவர் படியில் நின்று
குடை பிடித்துப் பார்த்தோம்.

டிப்பர் கிளம்பியது வரை தெரியும்.
எங்கே கொட்டினாய் என்று கேட்கவில்லை.

முந்தாநாள் பெண்ணையாற்றுப் பாலத்தில்
பஸ் நின்றபோது
கீழே கரையோரம் ஏதோ புகைந்துகொண்டிருந்தது.
எந்த மாநிலத்துக் கரையென்று கவனிக்கவில்லை.
தைல வாசனை போலிருந்தது.
வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல்
ஷட்டரை இறக்கினார்.